கோழிக்கு மண்ணே குளியல்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீட்டின் பின்கட்டிலோ அடுக்குமாடி பால்கனியிலோ ஓரிரு கோழி வளர்ப்பவர்கள் தீனிக்கும் தண்ணீருக்கும் குறை வைப்பதில்லை. மண்ணைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதற்குச் சில தவறான நம்பிக்கைகளே காரணம்.

நம்பிக்கை: மண்ணில் புரளும் கோழி அழுக்காகிறது.

உண்மை: அது சுத்தமாகிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயைக் கோழி அலகால் இறகில் பூசிக்கொள்ளும். மிஞ்சிய எண்ணெய் தேங்கினால் இறகு ஒட்டிக்கொள்ளும். புழுதி அதை உறிஞ்சிவிடும். எழுந்து உதறியதும் இறகு மறுபடி பஞ்சுபோல் விரியும்.

நம்பிக்கை: வீட்டுக்குள்ளேயே பொரிந்து வளர்ந்த கோழிக்கு மண் தேவையில்லை.

உண்மை: மண்குளியல் தாயிடம் கற்கும் பழக்கம் அல்ல, பிறவிக் குணம். வளர்ந்த கோழி ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை, அரைமணி நேரம் வரை குளிக்கும். மலேசியக் காடுகளில் இன்றும் திரியும் செங்காட்டுக்கோழிதான் நம் வீட்டுக் கோழியின் மூதாதை; அதுவும் இப்படித்தான் குளிக்கிறது. மண்ணே இல்லாத கம்பித்தரையிலும் கோழி படுத்துப் புரண்டு குளிப்பதுபோல் அசையும். ஆசை இருக்கிறது, நிறைவேற வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக்கோழிகளுக்கு வெறும் கம்பிக்கூண்டை 2012 முதல் தடை செய்ததற்கு, இத்தகைய இயல்புகளுக்கு அங்கே இடமில்லாததும் ஒரு காரணம்.

நம்பிக்கை: தண்ணீரில் குளிப்பாட்டினால் போதும்.

உண்மை: பினாங்கின் ஈரக் காற்றில் நனைந்த இறகு சீக்கிரம் காயாது, கோழிக்குக் குளிரெடுக்கும். மலம் ஒட்டிய இடத்தை மட்டும் கழுவித் துடைத்தால் போதும்.

நம்பிக்கை: சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டினால் செள் ஒழிந்துவிடும்.

உண்மை: சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும். சலித்த விறகுச் சாம்பலைக் கொஞ்சம் கலக்கலாம்; நனைந்தால் அதுவும் காரமாகிவிடும், உடனே மாற்றுங்கள். மண்குளியல் உடம்பிலுள்ள பேனைக் குறைக்கும். ஆனால் செஞ்செள் பகலில் கூண்டின் இடுக்கிலும் பரணிலும் ஒளிந்திருந்து, இரவில்தான் இரத்தம் குடிக்க வரும். கூண்டைக் கழுவி மருந்திடாமல் அது போகாது.

நம்பிக்கை: தூசி எவ்வளவு பறக்கிறதோ அவ்வளவு நல்லது.

உண்மை: மாவுபோன்ற தூசி கோழியின் நுரையீரலுக்கும் வீட்டாருக்கும் கெடுதல். சிமெண்டு கலந்த கட்டுமான மண் கூடவே கூடாது.

செய்ய வேண்டியது எளிது. கோழி படுத்துச் சிறகு விரிக்குமளவு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் உலர்ந்த மணலும் தோட்டமண்ணும் கலந்து போடுங்கள். கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசிக் காயவையுங்கள். கோழி பெரும்பாலும் நண்பகலில்தான் குளிக்கும். ஆகவே முற்றத்து வெளிச்சம் விழும், ஆனால் சாரல் படாத இடம் பாருங்கள். எச்சத்தை நாள்தோறும் அள்ளுங்கள். ஈரமண்ணில் பூஞ்சை வளர்ந்து நுரையீரல் நோய் வரும் என்பதால், நனைந்த மண்ணை மாற்றிவிடுங்கள்.

கோழியை நான்கு சுவருக்குள் வைத்தது நம் வசதிக்காக. அது இழந்த மண்ணை ஒரு தொட்டியளவாவது திருப்பித் தருவது நம் கடமை.