ஹந்தானைக்கு இப்போது ஏறாதீர்கள்

வார நாட்களில் டார்கட், மாலையில் ஜிம், சனிக்கிழமை ட்யூஷன் கிளாஸ், ஞாயிறு விடிந்தால் ஹந்தானை மலை. கண்டியில் முன்னுக்கு வர நினைக்கும் முப்பது வயதுக்காரர் பலருடைய வாரம் இப்படித்தான் போகிறது. இப்படி ஓடுகிறவருக்கு பர்ன்அவுட் வந்தால், இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைப்பார். ஆளைக் கவிழ்ப்பது அந்த நினைப்புதான். ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரெஸ்ட் எடு’ என்ற அறிவுரையும் இவருக்கு ஒத்துவராது. மூன்றாம் நாளே சுவரில் முட்டிக்கொள்வார். இவருக்குத் தேவை குறைந்த வேகம், கூடவே கொஞ்சம் ஓஃபிஸ் அரசியல்.

1. முதலில் பர்ன்அவுட்தானா என்று உறுதிப்படுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2019இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. அடையாளம் மூன்று: சக்தி வடிந்த களைப்பு, வேலைமீது வெறுப்பும் விலகலும், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். களைப்பு மட்டும் என்றால் முதலில் டொக்டரிடம் போய் சுகர், தைரொய்ட், ஹீமோகுளோபின் பாருங்கள். அண்மையில் டெங்கு வந்து ஆறியவருக்கு வாரக்கணக்கில் அசதி இருக்கலாம். அதை மெனேஜர் தலையில் எழுதாதீர்கள்.

2. உடற்பயிற்சியை நிறுத்தாதீர்கள், இறக்குங்கள். இரவு ஒன்பதுக்கு வரும் ‘அர்ஜன்ட்’ வாட்ஸ்அப்பும் செங்குத்து ஏற்றமும் உடம்பின் ஒரே கணக்கிலிருந்துதான் பற்று வைக்கப்படுகின்றன. ஒருபக்கச் செலவு கூடிவிட்டதென்றால் மறுபக்கம் குறைய வேண்டும். கண்டியில் இதில் ஒரு சிக்கல் உண்டு: வீட்டுவாசலைத் தாண்டினாலே ஏற்றம். நகர நடுவில் சமதரையாக நீண்ட தூரம் நடக்க வாவிச் சுற்றை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. முதல் சில வாரங்களுக்கு அதுவே போதும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். வார்த்தை துண்டு துண்டாக விழுந்தால் காலைத் தளர்த்துங்கள். ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். ஏழுக்குப் பாடசாலை வேன்கள் வரிசை கட்டிவிடும்; மலைகளுக்கு நடுவே கிடக்கும் நகரம் என்பதால் புகை சீக்கிரம் கலையாது. லீவு நாளில் பேராதனைப் பூங்காவுக்குப் போங்கள். உடவத்தகெலே காடும் நல்ல இடம்தான், மழை விட்ட கையோடு போனால் அட்டை காலைத் தேடி வரும்.

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் அன்று ஜிம் இல்லை. ஸ்மார்ட் வாட்ச் வைத்திருப்பவர்கள் அதன் ஸ்கோரைப் பார்த்துப் பதறுவது இன்னொரு ஸ்ட்ரெஸ்; இரண்டு விரலே போதும்.

3. லீவை யோசித்துப் போடுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்பவருக்கு வழமையான வேலை வாரம் 45 மணித்தியாலம். முழு வருட லீவு 14 நாள். நம் ஆட்கள் அதைக் கல்யாண வீட்டுக்கும் தவணைப் பரீட்சைக்கும் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் லீவில் சலவையும் பேங்க் வேலையும்தான் முடியும், களைப்பு அப்படியே இருக்கும். ஐந்து நாளைச் சேர்த்து, வார இறுதியோடும் முடிந்தால் ஒரு போயாவோடும் கோருங்கள். மாதக் கடைசியைத் தவிருங்கள். ஹோட்டல், டிராவல் துறையில் இருப்பவர் எசல பெரஹெரா வாரத்தில் லீவு கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது, பெயரும் கெடும். முன்கூட்டியே கேட்டு, ஹேண்ட்ஓவர் நோட்டையும் அதே ஈமெயிலில் இணைத்தால் மறுக்க மெனேஜருக்குக் காரணம் இருக்காது.

4. ‘எனக்கு பர்ன்அவுட்’ என்று எல்லோரிடமும் சொல்லாதீர்கள். நியாயம் இல்லைதான், ஆனால் பல ஓஃபிஸ்களில் ப்ரமோஷன் லிஸ்ட் எழுதும்போது அந்தச் சொல் நினைவுக்கு வரும். மெனேஜரிடம் உடம்பைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். ‘சேர், என்கிட்ட இப்ப மூணு ப்ராஜெக்ட் இருக்கு. ரெண்டை வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா முடிச்சுத் தருவேன். மூணாவதைத் தள்ளிப் போடவா, வேற யாருக்கும் குடுக்கவா?’ தேர்வு அவருடையது, பாரம் குறைவது உங்களுக்கு. ‘மூணும் வேணும்’ என்று அவர் சொன்னால் அதை ஒரு சிறிய ஈமெயிலில் பதிந்து அனுப்பிவிடுங்கள். ரிவியூ நேரத்தில் உதவும்.

5. தூக்கம். மாலை நாலுக்குப் பிறகு ப்ளேன்டீயும் கோப்பியும் வேண்டாம். தேயிலை ஊரில் இது கொஞ்சம் கொடுமை, தெரியும்.

6. ஒன்றை வெட்டுங்கள். வேலை, ஜிம், ட்யூஷன், வெளிவாரி டிகிரி, கோவில் கமிட்டி எல்லாவற்றையும் பத்து வீதம் குறைக்கிறேன் என்பவர் ஒன்றையும் குறைப்பதில்லை. எது பணமும் தரவில்லை, சீவியிலும் ஏறவில்லை, மனத்துக்கும் இதமில்லை என்று பாருங்கள். அதுதான் முதலில் போக வேண்டியது. ட்யூஷன் கொடுத்து வரும் காசு வீட்டு லோனுக்குப் போகிறதென்றால் அதில் கை வைக்காதீர்கள். டிகிரியை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

7. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த விஷயத்திலும் நாட்டம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டொக்டரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. ஓஃபிஸில் யாருக்கும் தெரியத் தேவையில்லை.

8. வேலைதான் காரணம் என்றால் மாறுங்கள், ஆனால் தூக்கம் திரும்பிய பிறகு. களைத்த முகத்தோடு இன்டர்வியூவுக்குப் போகிறவர் முதலில் கிடைக்கும் சம்பளத்துக்குத் தலையாட்டிவிடுவார். ஒஃபர் லெட்டர் கைக்கு வராமல் ரெசிக்னேஷன் கொடுக்காதீர்கள். ‘ஏன் மாறுகிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பழைய மெனேஜரைத் திட்டாமல், புதிய இடத்தில் என்ன செய்ய விருப்பம் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். கடைசியில் உங்கள் முறை வரும்போது, டீமில் எத்தனை பேர், இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், சம்பளப் பேச்சுக்குப் போகுமுன் யோசியுங்கள்.