கொடியைக் காத்த வேர்

நுழையும்முன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமலே பட்டுப்போயின. அவ்வழிவின் தொடக்கம் ரோன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் உள்ளது.

ரோக்மோர்

பிரான்சின் தென்பகுதியில், ரோன் ஆற்றின் வலக்கரையில் அமைந்தது ரோக்மோர். பண்டு இஃது ஓர் ஆற்றுத்துறை. சுற்றுப்புற ஊர்களின் திராட்சை மது இங்கிருந்தே படகேறியது. பிற பகுதிச் சரக்கு இப்பகுதியின் பெயரால் விற்கப்படுவதைத் தடுக்க, 1737ஆம் ஆண்டு அரசாணை ஒன்று பிறந்தது. ஒவ்வொரு பீப்பாயின்மீதும் சி.டி.ஆர். என்னும் மூன்றெழுத்துகளும் ஆண்டும் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டன. 'கோட் து ரோன்' என்பதன் சுருக்கமே அவ்வெழுத்துகள். விளைபொருளுக்கு ஊரே முத்திரையாக நின்ற காலம் அது.

வந்த கேடு

1862ஆம் ஆண்டு இவ்வூர் மது வணிகர் ஒருவர், நியூயார்க்கிலிருந்து வந்த அமெரிக்கத் திராட்சைக் கொடிகளைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அவரைப் பழிப்பதற்கில்லை, புதுக்கொடி வளர்ப்பது அக்காலத் தோட்டக்காரர் பலரின் விருப்பமாக இருந்தது. அடுத்த ஆண்டு, அருகிலுள்ள புஜோ என்னும் ஊரில் கொடிகளின் இலைகள் உரிய காலத்திற்கு முன்பே பழுத்து உதிர்ந்தன. பின்னர்க் கொடிகள் பட்டன. துணியில் சிந்திய எண்ணெய்போல நோய் நாற்புறமும் படர்ந்தது. குளிர் என்றனர் சிலர். வறட்சி என்றனர் சிலர். மண் சோர்ந்தது என்றனர் வேறு சிலர்.

1868ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், மோன்பெலியே நகரத் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன் உள்ளிட்ட மூவர் குழு ஆய்வுக்கு வந்தது. பட்ட கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தனர். அழுகிய வேரன்றி வேறொன்றும் இல்லை. பின்னர், உயிரோடிருந்த கொடியொன்றைத் தோண்டி உருப்பெருக்கியால் நோக்கினர். ஒரு மில்லிமீட்டர் அளவேயான மஞ்சள்நிறப் பூச்சிகள் வேரை மொய்த்துச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. கொடி இறந்ததும் அவை அடுத்த கொடிக்குப் பெயர்ந்துவிடும். இறந்த செடியில் மட்டும் தேடியவர் கண்ணில் அவை படாமைக்கு அதுவே காரணம். ஃபைலாக்சரா என்பது அப்பூச்சியின் பெயர்.

மாற்று

கண்டுபிடிப்பை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. பூச்சி நோயின் விளைவேயன்றிக் காரணமன்று எனப் பல ஆண்டுகள் வாதிட்டோரும் உண்டு. இதற்கிடையே நாட்டின் மது உற்பத்தி, 1875இல் சுமார் 8 கோடியே 40 இலட்சம் எக்டோலிட்டராக இருந்தது, 1889இல் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சமாகச் சரிந்தது. மருந்து காண்போருக்கு 3 இலட்சம் பிராங்கு பரிசென அரசு அறிவித்தது. குளிர்காலத்தில் தோட்டத்தை வாரக்கணக்கில் நீரில் மூழ்கடித்தனர். இது சமவெளிக்கே இயன்றது. கார்பன் டை சல்பைடு நீர்மத்தை மண்ணுள் செலுத்தினர். இது செல்வர்க்கே இயன்றது. சிறு உழவர் பலர் நிலத்தைக் கைவிட்டு அல்சீரியாவிற்குக் குடிபெயர்ந்தனர்.

அமெரிக்கக் கொடிகள் மட்டும் ஏன் மடியவில்லை? அவை நெடுங்காலம் அப்பூச்சியோடு வாழ்ந்து பழகியவை. கடிபட்ட இடத்தைச் சுற்றித் தக்கை போன்ற திசுவை உருவாக்கிக் காயத்தை அடைத்துக்கொள்பவை. எனவே, அமெரிக்க வேர்ச்செடியின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினர். கேட்டைச் சுமந்து வந்த வேரே அதற்கு மாற்றாயிற்று. கனி பிரெஞ்சுக் கொடியின் இயல்பிலேயே காய்த்தது. ஆயினும் அயல்வேரால் சுவை கெடுமென அஞ்சியோர் பலர். பர்கண்டிப் பகுதியில் அக்கொடிகளுக்கு இருந்த தடை 1887இல்தான் நீங்கியது. சுண்ணாம்பு நிலங்களில் அவ்வேர்களும் தழைக்கவில்லை. அதற்கேற்ற காட்டுக்கொடியைத் தேடிப் பியர் வியாலா என்னும் அறிஞர் அதே ஆண்டில் அமெரிக்கா சென்றார். டெக்சாசு மாநிலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் அது கிடைத்தது.

அறிவித்த பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. பூச்சி அழியவில்லை, தடுக்கப்பட்டதே எனக் காரணம் கூறப்பட்டது. அது பொய்யன்று, இன்றும் அப்பூச்சி மண்ணில் உள்ளது.

தெரியுமா?

பிளான்ஷோன் குழு பூச்சியைக் கண்ட அதே 1868ஆம் ஆண்டில், தோட்டங்களைக் காக்க வேண்டி, புனித வாலண்டைனின் திருப்பண்டம் உரோமிலிருந்து ரோக்மோர் தேவாலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அஃது இன்றும் அங்கே உள்ளது.