கோழிக்கு மூச்சுத் திணறலா? பரிசோதனைக்கு எதைக் கொடுப்பது?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புறக்கடையில் கோழி வளர்க்கும் விவசாயப் பெருமக்கள் பலர். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், உடனே ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இராணிக்கெட் எனப்படும் அந்நோயாகவே அது இருக்கலாம். ஆனால் பறவைக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் தோன்றும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அங்கே சேரும் மாதிரி தவறானால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். அதை நம்பிக் காத்திருப்பதற்குள் கூண்டு காலியாகிவிடும்.

முதல்நாள் இறந்து, வெயிலில் ஊதிப்போன கோழியைச் சாக்கில் கட்டி எடுத்துச் செல்வது நம்மிடையே உள்ள வழக்கம். அழுகிய உடலில் நச்சுயிரி அழிந்துவிடும், அதனால் பயனில்லை. நோய் கண்டு ஓரிரு நாளே ஆன, உயிருள்ள கோழிதான் மிகச் சிறந்தது. அப்போதுதான் நச்சுயிரி மிகுதியாக வெளிப்படும். பல நாள் இழுத்துப் பறித்துக் கிடக்கும் கோழியில் அது குறைந்து போயிருக்கும்.

அத்தகைய கோழியின் தொண்டையிலிருந்தும் எச்சத்துவாரத்திலிருந்தும் மருத்துவர் பஞ்சுக் குச்சியால் தனித்தனியே மாதிரி எடுப்பார். சில நச்சுயிரிகள் தொண்டையில் மிகுதியாகவும், சில எச்சத்தில் மிகுதியாகவும் இருப்பதால் இரண்டும் தேவை. இறந்த கோழியானால், இறந்து சில மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். மூச்சுக்குழல், நுரையீரல், மண்ணீரல், மூளை, குடல் ஆகியவற்றை அங்கே எடுத்துக் கொள்வார்கள். நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள்.

“இரத்தம் போதாதா?” என்று கேட்பவர் உண்டு. இரத்தத்தில் தெரிவது எதிர்ப்புச் சக்தியே. அது உண்டாகச் சில நாட்களாகும். தடுப்பூசி போட்ட கோழியிலும் அது இருக்கும். ஆகவே ஒருமுறை எடுத்த இரத்தத்தைக் கொண்டு உறுதி சொல்ல இயலாது.

இறந்த கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி, ஐஸ்கட்டி போட்ட பெட்டியில் வைத்து அன்றே சேர்க்கவும். உறைய விடக்கூடாது, உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். வில்லியனூர்ப் பக்கத்தவருக்குக் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே உள்ளது.

ஒரே நாளில் பல கோழிகள் மடிந்தால் மட்டும் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்பி, அவரை வீட்டிற்கே வரவழையுங்கள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில்தான் நம் நாட்டில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டது. மனிதருக்கும் தொற்றக்கூடிய அந்நோயைப் போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு ஆய்வு நிலையமே உறுதி செய்கிறது. செத்த கோழியைத் தொட நேர்ந்தால் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, பின்பு சோப்பிட்டுக் கை கழுவவும்.

மருத்துவர் வந்ததும், தடுப்பூசி போட்ட தேதி, முதல் கோழி சுணங்கிய நாள், சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கி வந்திருந்தால் அந்த விவரம், இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.