பத்துமணிப் பூவுக்கு வயல் நீர் ஆகாது

காவிரிப் பாசனப் பகுதியில் பல வீடுகளின் வாசலிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் பத்துமணிப் பூச் செடியைக் காணலாம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, ரோஸ் எனப் பல நிறங்களில் பூக்கும். வெயில் ஏறியபின் மலர்ந்து பிற்பகலில் கூம்பிவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இச்செடிகள் தொட்டி தொட்டியாக அழுகுவதும் உண்டு. மழை ஒரு காரணம். நெல்லுக்கு நீர் கட்டிப் பழகிய கை, இதற்கும் தாராளமாக ஊற்றுவது மற்றொரு காரணம்.

தென் அமெரிக்காவின் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே நாடுகள் இதன் தாயகம். வரப்பில் தானே முளைக்கும் பருப்புக்கீரையும் இதுவும் ஒரே பேரினம். தடித்த தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்துக்கொள்வதால் சில நாள் வறட்சியைத் தாங்கும். வேரில் தேங்கும் நீரைத் தாங்காது.

மண் கலவை

வயல் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பக் கூடாது. அது நனைந்தால் குழையும், காய்ந்தால் இறுகும், வேருக்குக் காற்று கிடைக்காது. வல்லம் பக்கத்துச் செம்மண் போன்ற மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு கலந்தால் போதும். மணல் கிடைக்காத இடத்தில் அரிசி ஆலை உமியைக் கருக்கி, ஆறவைத்துச் சேர்க்கலாம். 15 செ.மீ. ஆழமுள்ள பழைய வாளி, தகர டப்பா எதுவும் ஏற்றது. அடியில் துளைகள் அவசியம். துளைமேல் ஓட்டுச் சில்லு வைத்துக் கலவையை நிரப்ப வேண்டும்.

நடவு

அடுக்குப் பூ வகைகளை விதையைவிடத் தண்டுத் துண்டு மூலம் பெருக்குவதே நல்லது. தாய்ச்செடியின் நிறம் மாறாது. 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள நுனித் தண்டுகளை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, சில மணி நேரம் நிழலில் உலர்த்தி நட வேண்டும். வெட்டுவாய் காய்ந்தால் அழுகல் குறையும். ஒன்று, இரண்டு வாரங்களில் வேர் பிடிக்கும். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலிலும் மேகமூட்டத்திலும் பூ சரியாக விரியாது.

நீரும் உரமும்

மேல்மண்ணை விரலால் இரண்டு செ.மீ. ஆழம் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். செடி வாடியதும் செம்பைத் தூக்குவது தவறு. மண் காய்ந்து செடி வாடினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகல். அடித்தண்டு பழுப்பாகிக் குழைந்திருக்கும். அத்தகைய செடியில் நோயற்ற நுனிகளை வெட்டி, புதிய கலவையில் நட்டுக் காப்பாற்றலாம். தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் நிற்க விடக் கூடாது. வேருக்கும் கேடு, டெங்குக் கொசுவுக்கும் இடமாகும்.

யூரியா மிகுந்தால் நெல் கொழுத்துச் சாய்வது போல, இதுவும் தழைத்து வளருமே தவிரப் பூக்காது. மாதம் ஒரு பிடி மக்கிய எரு போதும். மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மழைக்கு முன்னேற்பாடு

டெல்டாவின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. எனவே புரட்டாசியிலேயே ஒவ்வொரு நிறத்திலும் ஐந்தாறு துண்டுகளைச் சிறு தொட்டிகளில் நட்டு, நிறத்தை எழுதி, சாரல் படாத வெளிச்சமான தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். வெளியிலுள்ள தாய்ச்செடி அழுகினாலும் நிறம் கைவிட்டுப் போகாது.

இவ்வாறு காத்த செடிகளிலிருந்து தை, மாசியில் துண்டுகள் எடுத்து நட்டால், பங்குனி, சித்திரை வெயிலில் பூத்துக் குலுங்கும். பூத்த தொட்டிகளை வாரச் சந்தையிலோ அருகிலுள்ள நாற்றுப் பண்ணையிலோ விற்கலாம். முதலில் பத்து, இருபது தொட்டிகளோடு தொடங்கி, விற்பனையைப் பார்த்துப் பெருக்குவதே சிறு விவசாயக் குடும்பத்துக்கு ஏற்றது. அறுவடை முடிந்து கையில் வேலை குறைந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு இது சிறிது கைகொடுக்கும்.