அந்தக் கடன் என்னுடையதன்று

மதுரைச் சீமையில் பெயர் என்பது பொதுச்சொத்து. அழகர்கோயிலைச் சுற்றிய கிராமங்களில் அழகர்சாமிகளுக்கும், பாண்டிகோயிலில் முடியிறக்கும் குடும்பங்களில் பாண்டிகளுக்கும் பஞ்சமேயில்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டும். பிறந்த தேதியோ, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் அருளிய ஜூன் மாதத் தேதி. அந்த உத்தியோகத்தில் இருந்த நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவ்வாறு வழங்கியவனே. இவற்றை அறியாத கணினி, பெயரும் தேதியும் தாலுகாவும் ஒத்திருப்பதை மட்டும் பிரமாணமாகக் கொண்டு, உசிலம்பட்டிப் பக்கத்தில் என் பெயருடைய எவரோ தவணை தவறிய இருசக்கர வாகனக் கடனை என் கடன் அறிக்கையில் சேர்த்துவிட்டது. 300 முதல் 900 வரை அளக்கப்படும் மதிப்பெண்ணில் நான் சரிந்தேன். மகனுடைய வீட்டுக் கடனில் உடன் கையெழுத்திடும் யோக்கியதையையும் இழந்தேன்.

அறிக்கையை வரவழைப்பது பெரிய வித்தையன்று. ஆண்டுக்கொரு முறை அது இலவசம். காரியம் கெட்டது அதற்குப் பின்னர்தான். சென்னையில் கணினி வேலையில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை, “நேர்ல போய் அலையறதெல்லாம் அந்தக் காலம், மாமா” என்று சொல்லி, ஆட்சேபத்தை இணையத்தில் தாமே பதிந்தார். ‘இக்கணக்கு என்னுடையதன்று’ என்னும் இனத்தில் பதிய வேண்டியதை, ‘பாக்கித் தொகை தவறு’ என்னும் இனத்தில் பதிந்தார். அறிக்கை தயாரிக்கும் ஸ்தாபனம் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதையே எழுதிக்கொள்ளும். உசிலம்பட்டிக்காரருடைய பாக்கியோ பைசா பிசகாமல் சரியாகவே இருந்தது! ஆகவே ‘விவரம் சரி’ என்று பதில் வந்தது. தன்னுடையதல்லாத கடனின் தொகையைப் பற்றித் தர்க்கிப்பவன் அக்கடனையே ஒப்புக்கொண்டவனாகிறான் என்பதை மாப்பிள்ளைக்கு விளக்கப் பிரயாசைப்பட்டேன், பயனில்லை.

கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்கு நானே சென்றேன். நீங்களும் என்னைப் போல் ஓய்வு பெற்றவராயின், பத்து மணிக்கே போய் உட்கார்வதில் சிரமமிராது. மேலாளர், “சின்னத் தொகைதான் சார், கட்டிட்டீங்கன்னா முடிஞ்சிரும்” என்று உபதேசித்தார். எவரோ ஓட்டும் வண்டிக்கு நான் தவணை கட்டுவதா? கட்டினாலும், தவணை தவறிய மாதங்கள் அறிக்கையை விட்டு உடனே அகலமாட்டா. விண்ணப்பத்தின் கையெழுத்தையும் புகைப்படத்தையும் பான் எண்ணையும் என்னுடையவற்றோடு ஒப்பிட வேண்டுமென்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். அவர் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பான் எண்ணுக்குரிய கட்டம் காலியாக இருந்தது. படத்திலிருந்தவரோ என்னினும் சிறந்த மீசைக்காரர்.

மற்றவை நடைமுறைச் சமாசாரங்கள். புகாரை 30 நாளில் தீர்க்க வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, 26.4.2024 முதல் இது அமலில் உள்ளது. அப்போதும் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். ஜனங்கள் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொன்னாலும், டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு ஸ்தாபனங்கள் உண்டு; ஒன்றில் திருந்திய பிழை மற்றொன்றில் நின்றுகொண்டிருக்கலாமாதலால், நான்கையும் பாருங்கள். பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுமையாக இருக்க, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் இருந்தால், அதையும் முழுமையாக்கிவிடுங்கள்.

என் அறிக்கை திருந்திவிட்டது. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் தானாகவே திருந்தியிருக்கும் என்பது மாப்பிள்ளையின் அபிப்பிராயம். தம்முடைய அறிக்கையை அவர் இன்றுவரை எடுத்துப் பார்த்ததில்லை.