துப்பாக்கி யாருக்கு உரிமை? குடகு கற்பிக்கும் பாடம்

சென்ற செப்டம்பரில் குடகிலுள்ள நண்பர் வீட்டுக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். அன்று கைல்போல்து பண்டிகை. நடவுக் காலத்தில் பூஜை அறையில் வைத்திருந்த துப்பாக்கியையும் கத்தியையும் எடுத்துத் துடைத்து, மலர் சூட்டி வழிபட்டார்கள். நாம் ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைப்பது நினைவுக்கு வந்தது.

பெங்களூர் திரும்பும் வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கேட்டான்: "அவங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டாமாமே. நமக்கு மட்டும் ஏன்ப்பா வேணும்?"

உடனே பதில் சொல்ல இயலவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியல் சட்ட உரிமை. நம் நாட்டில் அப்படியில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளையர் நம்மை நிராயுதபாணிகளாக்கினர் என்ற மனக்குறை விடுதலைப் போராட்டத் தலைவர்களுக்கு இருந்தது. 1931இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் 1948இல் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்கவில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம்.

குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆங்கிலேயர் காலம் தொட்டே விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. சமத்துவத்துக்கு முரணானது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டது.

நண்பரின் தந்தை, "இது எங்கள் முன்னோரின் அடையாளம்" என்றார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2017 செப்டம்பர் 5 இரவு, இதே பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் மறக்க முடியவில்லை. அதற்குப் பயன்பட்டது கள்ளத் துப்பாக்கி. உரிமம் உள்ளவரை மட்டும் நெருக்கினால் போதாது என்று ஒரு தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. துப்பாக்கி பெருகினால் கோபம் வரும் வேளையில் அது கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும் என்று மறு தரப்பு அஞ்சுவதிலும் நியாயம் உண்டு.

இருவரும் விட்டுக்கொடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 2019 திருத்தத்துக்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். அதை ஒன்றாகக் குறைக்க அரசு முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் இரண்டு என்று முடிவாயிற்று. உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. அதே சட்டம், கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. கள்ளத் தயாரிப்புக்கான தண்டனையையும் கடுமையாக்கியது.

மகனிடம் இப்படிச் சொன்னேன்: "லைசென்ஸ்ங்கிறது மூணு கேள்வி. யாருக்கு, எதுக்கு, எப்படிப் பத்திரமா வைப்பாங்க. விலக்கு இருக்கிறவங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்."

"அப்போ அவங்களையும் கேக்கலாமா?" என்றான்.

நண்பரையே தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கி பூட்டிய அலமாரியில் இருப்பதையும், சாவி யாரிடம் என்பதையும் பொறுமையாக விளக்கினார். மரபைக் காப்பவர் கேள்விக்குக் கோபப்படாமலும், கேட்பவர் மரபை இகழாமலும் இருந்தால் பாதி உடன்பாடு வந்துவிடும். வேற்று மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எல்லாவற்றுக்கும் உதவும்.