சந்தை நாளில் ஒரு பள்ளிக்கூடப் பேச்சு

உள்ளூர் அரசுப் பள்ளிகளைப் பற்றி எங்கள் சேவைச் சங்கம் முதன்முதலாக நடத்திய கூட்டம் கொடைக்கானலில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. மே மாதம், சீசன் நேரம். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர். திரையில் படம் காட்டி ஒன்றரை மணி நேரம் பேசினார். சங்க உறுப்பினர்கள் நாற்பது பேர் கேட்டோம். கடைசி வரிசையில் இரண்டு தலைமையாசிரியர்கள் இருந்தார்கள். பெற்றோர் ஒருவர்கூட இல்லை. அன்று அது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. கூட்டம் முடிந்த கையோடு, மேல்மலையில் ஒரு பள்ளிக்கு நோட்டும் பையும் வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம்.

ஜூனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டோம். டீ குடிக்கும்போது தலைமையாசிரியை அலமாரியைத் திறந்தார். உள்ளே கட்டுப் பிரிக்காத நோட்டுகள், பைகள். "எல்லாம் கவர்மெண்ட்டே குடுத்துருது சார். நீங்க ஆசையா கொண்டு வந்தீங்க, வேணாம்னு சொல்ல மனசு வரல" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க வண்டியில் யாரும் பேசவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அரசு என்னென்ன கொடுக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, கிரேயான், ஜியாமெட்ரி பெட்டி. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு இவை போக ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இவற்றோடு 2022 செப்டம்பரில் தொடங்கிக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் வரை வந்துவிட்ட காலை உணவு. உதவி செய்யக் கிளம்புகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது இந்தப் பட்டியல்தான். இது தெரியாமல் நாங்கள் பணத்தை வீணாக்கினோம்.

கொடைக்கானல் என்றால் பள்ளிக்கூடம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது 1901-இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளியும் மற்ற உறைவிடப் பள்ளிகளும். மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை, தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பிள்ளைகள் போகும் பள்ளிகள் அந்தப் பேச்சில் வருவதில்லை. நகரத்துக் கடைக்காரர்களான எங்களுக்கும் அவை கண்ணில் படாமல்தான் இருந்தன. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று தெரியும். அதே ஊரில் எட்டாம் வகுப்பு முடித்த பெண் அடுத்து எங்கே படிக்கப் போகிறாள் என்று தெரியாது.

இரண்டாம் ஆண்டு இடத்தையும் நாளையும் மாற்றினோம். ஓட்டல் வேண்டாம், நகரில் ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையே போதும் என்று முடிவு செய்தோம். நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் கொடைக்கானலில் வாரச்சந்தை. மேல்மலைக்காரர்கள் எப்படியும் பஸ் ஏறி வருவார்கள். கூட்டத்துக்கென்று யாரும் ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை. சந்தை வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி, இரண்டு மணிக்கு முடித்துவிட்டோம். மலையில் கூட்டம் நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பஸ் நேரத்தைத்தான். பேச்சாளர் தேதியெல்லாம் அதற்கு அப்புறம். காய்கறிப் பைகளை வைக்க வாசலில் ஓர் இடமும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு ஜமுக்காளமும் ஒதுக்கினோம். பெற்றோர் முன்வரிசை, நாங்கள் பின்வரிசை.

இந்த முறை பேசியவர் மலையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர். இருபது நிமிடம்தான் கேட்டிருந்தோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, குழுவில் இருந்த ஒரு தாய்க்கே அது புதிதாக இருந்தது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்றதும் பலர் மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பிள்ளை நன்றாகப் படித்தால் ஆறாம் வகுப்பிலேயே வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் தனியார் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்ப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அந்த ஆறாம் வகுப்புக் கணக்கு உண்டு. எங்கே சேர்ப்பது என்பது பெற்றோர் விருப்பம். ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். இதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மைக்கை நீட்டியபோது ஒரு தாயும் பேசவில்லை. சங்கத்துப் பெண்கள் இருவர் நோட்டோடு போய் அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. மைக் இல்லாத கூட்டம்தான் நல்ல கூட்டம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் குறிப்பில் முதலில் இருந்தது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா சொன்னது: "ஸ்பெஷல் கிளாஸ் முடியிறதுக்கு முன்னாடியே எங்க ஊரு பஸ்ஸு கெளம்பிருதுக்கா. அவ பாதி கிளாஸ்ல எந்திரிச்சு ஓடியாறா. நீங்க காசெல்லாம் குடுக்க வேணாம், அந்தப் பஸ்ஸ கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க." பளியர் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் பையனுக்குச் சாதிச் சான்று கிடைக்காமல் அலைவதைச் சொன்னார். பழங்குடியினருக்கு அதைக் கொடுப்பவர் கோட்டாட்சியர். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து உடன் போவதற்கு எங்களில் ஒருவர் பொறுப்பேற்றார்.

பஸ் விஷயத்தில் நாங்கள் சங்கத்தின் பெயரில் மனுக் கொடுக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட வைத்தோம். அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பெற்றோரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். போக்குவரத்துச் செலவு மட்டும் எங்களுடையது. நான்கு மாதம் ஆனது. பஸ் இப்போது அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்புகிறது. எங்கள் பெயரில் மனு போயிருந்தால், எங்கள் தலைவர் மாறியதும் அந்த வேலையும் நின்றிருக்கும். சங்கத்தில் ஆண்டுக்கு ஒரு தலைவர். பெற்றோர் அங்கேயே இருப்பவர்கள்.

இது புதிய வழியும் இல்லை. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். நாங்கள் முதல் ஆண்டு இதைத் தலைகீழாகச் செய்தோம்.

நோட்டில் இருந்த இன்னொன்று காலுறை. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளைக்கு மழைக்கோட்டு இருந்தும் கால் நனைந்துவிடும். மூடுபனியில் துவைத்தது காய்வதில்லை. மாலை வரை ஈரக் காலுறையோடு உட்கார்ந்து படித்து, காய்ச்சலில் இரண்டு நாள் வராமல் போவார்கள். ஒரு பள்ளியில் தாழ்வாரத்தின் ஒரு பக்கத்தைத் தகரத்தால் அடைத்துக் கொடிக்கம்பி கட்டிக் கொடுத்தோம். பிள்ளைக்கு ஒரு ஜோடி மாற்றுக் காலுறையைப் பெயர் தைத்துப் பள்ளியிலேயே வைத்திருக்கிறோம். படம் எடுக்கவில்லை. முதல் ஆண்டு நோட்டுக்கும் பைக்கும் ஆன செலவில் பாதிகூட ஆகவில்லை.

கொடைக்கானல் பள்ளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மதுரை, திண்டுக்கல், சென்னைச் சங்கங்களிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் மே மாதம் வருகிறார்கள். அப்போது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். நவம்பரில் வாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல்மலையில் ஒரு பள்ளி வாசலில் நின்று பிள்ளைகள் வருவதைப் பாருங்கள். எதுவும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.